இரண்டாவது ஸ்பெஷல் வண்டி

போன வாரம் நம் ஆபீசில் நீங்கள் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்ன கூட்டத்தில், பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டார். "மேடம், இருக்கிற ஒரு மாதிரியை வெச்சு, ஓடுற புரோகிராம்ல அதே போலப் புதுசா ஒண்ணு உண்டாக்கறது எங்களுக்கு ஒரு வரி. உங்க காலத்துல எப்படிப் பண்ணீங்க?" எங்களுக்கும் ஒரு வரிதான், அந்த வரியைத்தான் எழுத மறந்தோம் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குள் சமோசா வந்துவிட்டது, பேச்சும் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெண்ணுக்குப் பாதி பதில்தான் சொன்னோம் என்று மனசு உறுத்தியது. ரிட்டயர் ஆனவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? மீதியை எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். அதுதான் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. கீழே எவர்சில்வர் குடங்களில் பெயர் வெட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மேலே நாங்கள் சி மொழியில் புரோகிராம் எழுதுவோம். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர். குரோம்பேட்டையிலிருந்து வருவார் என்பதால் ஆபீசில் அவருக்குப் பெயரே குரோம்பேட்டை என்றாகிவிட்டது. என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்பார். ஆனாலும் இந்தத் தொழிலில் உனக்கு யார் குரு என்று கேட்டால் நான் அவரைத்தான் கைகாட்டுவேன்.

பெருங்களத்தூர் ஜங்ஷனில் ஒரு தனியார் பஸ் கம்பெனி இருந்தது. அதன் முதலாளி பீர்க்கன்கரணைக்காரர். நெல் விளைந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்று, வந்ததில் வீடியோ கோச் வாங்கித் தெற்கே ஓட்டினார். மதுரைக்கு ஒன்று, திருநெல்வேலிக்கு ஒன்று என்று தினமும் சில வண்டிகள். சீட் விற்பதற்கு அதுவரை, எந்த சீட் யாருக்கு என்று கையால் எழுதும் கார்பன் தாள் வைத்த சார்ட்தான். அதைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து கொடுத்தோம். ஒரு கம்ப்யூட்டர், அதோடு இணைந்த இரண்டு திரைகள், இரண்டு கவுன்டர்கள்.

தினசரி வண்டிகளுக்குப் பிரச்சினையே இல்லை. எத்தனை வண்டி என்று முன்கூட்டியே தெரியும், புரோகிராமில் எழுதி வைத்துவிடலாம். பண்டிகை வந்தால்தான் தலைவலி. முதலாளி காலையில் பல் தேய்க்கும்போது ஒரு ஸ்பெஷல் விடலாம் என்று நினைப்பார், சாப்பிட்டு முடிப்பதற்குள் போர்டு எழுதி வெளியே மாட்டிவிடுவார். ஒவ்வொரு முறையும் நாங்கள் ஓடிப்போய் புரோகிராமைத் திருத்த முடியுமா? குரோம்பேட்டை ஒரு வழி சொன்னார். ஒரே ஒரு மாதிரி வண்டியை உள்ளே வைத்துக்கொள்வோம், அதில் யாரும் ஏறப்போவதில்லை. ஸ்பெஷல் வேண்டும் என்று கவுன்டரில் ஒரு பட்டனைத் தட்டினால், மெஷினின் நினைவகத்தில் அந்த நிமிடமே இடம் கேட்டு வாங்கி, மாதிரி வண்டியைப் போலவே புது வண்டி ஒன்றைப் புரோகிராமே உண்டாக்கிக்கொள்ளட்டும். அளவு ஜாக்கெட் கொடுத்துப் புது ஜாக்கெட் தைக்கச் சொல்வதில்லையா, அதுபோல.

இன்று உங்களுக்கு இது பால்வாடிப் பாடம். அன்று எங்களுக்குப் பெரிய வித்தை. முதலாளியிடம் செய்து காட்டியபோது அவர் திரையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

என் பங்குக்கு நான் ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தேன். தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்து சீட் இன்னொரு பெண்ணுக்குத்தான் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். அதெல்லாம் கவுன்டரில் ஆள் பார்த்துக்கொள்வான் என்றார் முதலாளி. ராத்திரி முழுக்க அந்த சீட்டில் உட்கார்ந்து போகப்போவது கவுன்டர் ஆளா என்று நான் கேட்டேன். கடைசியில் அந்த விதி புரோகிராமுக்குள் போனது. அது அங்கே போனதற்காக நான் இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன், ஏன் என்று பிறகு தெரியும்.

தீபாவளிக்கு ஒரு ஸ்பெஷல் விட்டார்கள். பட்டனைத் தட்டினார்கள், வண்டி பிறந்தது, சீட்டெல்லாம் விற்றது, ஒரு குறை இல்லை. எங்கள் மாடிக்கு ஒரு கூடை மைசூர்பாகு வந்தது. குரோம்பேட்டை அதில் பாதியைக் கீழே பெயர் வெட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

பொங்கல் வந்தது. போகிக்கு முந்தின நாள், மதுரைக்கு ஒன்று, திருநெல்வேலிக்கு ஒன்று என இரண்டு ஸ்பெஷல் என்று முதலாளி காலையில் போர்டு மாட்டினார். இரண்டும் அன்று சாயங்காலமே புறப்பட வேண்டும். கூட்டம் அதிகம், ஏதாவது தகராறு என்றால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். குரோம்பேட்டை தாம்பரம் ஆபீசிலேயே இருந்தார்.

ஜி.எஸ்.டி. ரோடு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை, கரும்பு, குழந்தை, பெட்டி. எதற்கு நடுவில் எது என்று தெரியாது. மதுரை வண்டியை ஒரு கவுன்டர் அண்ணன் விற்றார், திருநெல்வேலியை இன்னொருவர். சீட்டுகள் மளமளவென்று நிரம்பின. தான் விற்காத சீட்டும் நிரம்பியிருக்கிறதே என்று இருவருக்கும் தோன்றத்தான் செய்ததாம். கிளை ஆபீசிலிருந்து போனில் சொன்னதைப் பக்கத்து ஆள் போட்டிருப்பார் என்று இவர் நினைத்துக்கொண்டார், அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டார். நடுவில் கைக்குழந்தையோடு ஒரு பெண் தனியாக வந்தார். டிரைவருக்குப் பின்னால், ஆட்டம் அதிகம் இல்லாத பதினோராம் சீட்டை நானே பார்த்துத் திருநெல்வேலி வண்டியில் போட்டுக் கொடுத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு வண்டியும் ஃபுல். முதலாளிக்கு முகமெல்லாம் பல். "இன்னாம்மா, நம்ம கம்ப்யூட்டரு செம ராசியா கீதே" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களிடம் இல்லை, இல்லை என்று சொல்வதுதான் வேலை. அப்படி வந்தவர்களில் ஒரு அம்மா. இரும்புலியூரிலிருந்து வந்திருந்தார். இடுப்பில் துணி சுற்றிய வெண்கலப் பானை, தோளில் பை, கையில் கரும்புக் கட்டு, கட்டோடு சேர்த்துச் செருகிய மஞ்சள் கொத்து. பார்த்தவுடனே புரிந்தது, பொங்கல் சீர். மகளைக் கோவில்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்து அதுதான் முதல் பொங்கல். கணவர் இல்லை. தம்பி வேன் வைத்துக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தானாம், அன்று காலையில் வர முடியாது என்று கையை விரித்துவிட்டான்.

"ஒரே ஒரு சீட்டு சார். கடேசி சீட்டா இருந்தாலும் பரவால்ல" என்றார் கவுன்டரில். "தலைப்பொங்கலு. அப்பன் இல்லாத வூட்டுப் பொண்ணு, அதான் சீரு வரலன்னு யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது."

கவுன்டர் அண்ணன் நல்ல மனிதர். திரையை அந்த அம்மாவின் பக்கம் திருப்பியே காட்டினார். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அந்த அம்மாவுக்கு அதில் என்ன தெரிந்திருக்கும்? தலையை ஆட்டிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். கவர்மென்ட் பஸ்கள் படியில் தொங்கும் ஆட்களோடு நிற்காமலே போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் வழியாக அவர் ஒவ்வொன்றுக்கும் கையைக் காட்டுவதைப் பார்த்தேன். பானையைக் கீழே வைக்காமலே கை காட்டினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில், மதுரை ஸ்பெஷலில் பன்னிரண்டாம் சீட் வாங்கியிருந்த ஒரு டீச்சரம்மா வந்து டிக்கெட்டை ரத்து செய்தார். அந்த சீட் காலியான அதே நொடியில் அடுத்த கவுன்டரிலிருந்து, திருநெல்வேலிக்கு ஒரு சீட் விழுந்திருக்கிறது என்று சந்தோஷமாக ஒரு குரல் வந்தது. அதற்குள் மதுரைக்கு எனக் காத்திருந்த ஒரு ஆள் அந்தப் பன்னிரண்டைக் கேட்டார். புரோகிராம் தர மறுத்தது. பக்கத்தில், பதினொன்றில், தனியாக வரும் பெண் இருக்கிறார் என்றது.

மதுரை வண்டியில் பதினொன்றா? அதில் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கவுன்டர் அண்ணனைக் கேட்டேன். ஞாபகமில்லை, பக்கத்து ஆள் கொடுத்திருப்பார் என்றார். பக்கத்து ஆள், நான் மதுரைக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்றார். பதினொன்று என்றதும் எனக்கு அந்தக் கைக்குழந்தை நினைவுக்கு வந்தது. அது திருநெல்வேலி வண்டி. அந்தப் பெண் எப்படி மதுரை வண்டியிலும் உட்கார்ந்திருக்கிறார்?

மதுரைத் திரையில் பன்னிரண்டை நானே நிரப்பினேன். திருநெல்வேலித் திரையில் பன்னிரண்டு நிரம்பியது. காலி செய்தேன், அங்கேயும் காலியானது. போனை எடுத்துத் தாம்பரத்துக்குச் சுழற்றினேன்.

குரோம்பேட்டை முழுவதையும் கேட்டார். புரோகிராம் தாள்களைப் புரட்டும் சத்தம் லைனில் கேட்டது. பிறகு சொன்னார். புது வண்டிக்கு இடம் வாங்கினேன் அக்கா, ஆனால் அதன் சீட் சார்ட்டுக்குத் தனி இடம் வாங்கவில்லை, மாதிரி வண்டியின் சார்ட் எங்கே இருக்கிறதோ அந்த முகவரியை மட்டும் புது வண்டியில் எழுதிவிட்டேன் என்று. அளவு ஜாக்கெட்டின் கையைப் பிரித்துப் புது ஜாக்கெட்டில் தைத்த கதை. தீபாவளிக்கு ஒரே ஸ்பெஷல், அது போனதும் சார்ட்டையும் அழித்துவிட்டோம், அதனால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது இரண்டு ஸ்பெஷல். இரண்டும் ஒரே சார்ட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

நான் உடனே, அப்படியென்றால் ஒரு சீட்டில் இரண்டு பேரா, சாயங்காலம் அடிதடி ஆகுமே என்று பதறினேன். அவர் பதறவில்லை. ஒரு சார்ட்டில் ஒரு கட்டம் ஒரு முறைதான் நிரம்பும், அதனால் யாருக்கும் இரட்டை சீட் இல்லை என்றார். மதுரையில் விற்ற சீட் திருநெல்வேலியில் காலி, திருநெல்வேலியில் விற்றது மதுரையில் காலி. இரண்டு வண்டியிலும் சேர்த்துப் பாதி சீட் காலியாகக் கிடக்கிறது, நாம்தான் ஃபுல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான் புரோகிராமை எப்படித் திருத்துவது என்று கேட்டேன். அப்போது அவர் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன்.

"அதை விடுங்கக்கா. நீங்க இல்லன்னு சொல்லி அனுப்பினவங்க இன்னும் ரோட்ல இருக்காங்களா, அதைப் பாருங்க. புரோகிராம் எங்கயும் போயிடாது. அவங்க போயிடுவாங்க."

மீதியைப் பழைய கார்பன் சார்ட்டில் கையால் விற்கச் சொன்னார். கிழித்துக் கொடுத்த டிக்கெட்டின் அடிக்கட்டைகள் கவுன்டரில் இருந்தன, எந்த வண்டியில் எது போனது என்று அதைப் பார்த்தாலே தெரியும். பிறகு போனை முதலாளியிடம் கொடுக்கச் சொன்னார்.

முதலாளி வைரஸ் ஏதாவது புகுந்துவிட்டதா என்று கேட்டார். அப்போது பேப்பரில் வைரஸ் பற்றி எழுதிக்கொண்டிருந்த நேரம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நம் தொழிலில் எத்தனையோ பேர் அந்த ஒரு வார்த்தையில் தப்பித்துப் போனதைப் பிறகு பார்த்திருக்கிறேன். நான் பக்கத்தில் நின்றதால் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"வைரஸ் இல்ல சார். நான் எழுதினதுல தப்பு. உங்க ஆளுங்க மேலயும் தப்பு இல்ல, மெஷின் மேலயும் இல்ல."

முதலாளி, "இன்னாபா, நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணிட்டியே" என்றார். அப்புறம், "சரி, நேர்ல வா. திட்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல" என்று போனை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி, மதுரை, திருநெல்வேலி என்று தானே கூவ ஆரம்பித்தார்.

நான் அந்த அம்மாவைத் தேடி ஓடினேன். அவர் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். பூ விற்கிறவரைக் கேட்டேன், பானையும் கரும்புமாக ஒரு அம்மா முன்னாடி நடந்து போச்சு என்றார். பஸ்களும் வேன்களும் முட்டிக்கொண்டு நின்ற ரோட்டின் ஓரமாகவே ஓடினேன். பாலத்துக்குப் பக்கத்தில் திண்டிவனம் வரைக்கும் போகும் ஒரு லாரி. கரும்புக் கட்டு மேலே ஏறிவிட்டது. அந்த அம்மா ஒரு காலைச் சக்கரத்தின் மேல் வைத்து, பானையை மேலே நீட்டிக்கொண்டிருந்தார்.

சீட் இருக்கிறது, இறங்குங்கள் என்று கத்தினேன். அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்ச நேரம் முன்னால் இல்லை என்று சொன்ன அதே கூட்டத்தில் இருந்தவள்தானே நான்.

"யாரையாச்சும் எறக்கி வுட்டுட்டு எனக்குத் தர்றியா?" என்றார். "அப்டி வாணாம். அவங்களுக்கும் வூட்ல ஆளுங்க காத்துனு இருப்பாங்க."

எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. இல்லம்மா, அது காலையிலிருந்தே காலியாக இருக்கிற சீட், எங்கள் தப்பால் எங்களுக்குத்தான் தெரியாமல் போனது என்று சொன்னேன். லாரி டிரைவரே கரும்பை இறக்கிக் கொடுத்தார். பானையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், தரவில்லை.

திருநெல்வேலி வண்டியில் பன்னிரண்டாம் சீட்டைப் போட்டோம். பக்கத்தில் அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண். நாங்கள் கரும்பை மேலே கட்டி முடிப்பதற்குள் குழந்தை இந்த அம்மாவின் மடியிலும், பானை அந்தப் பெண்ணின் காலடியிலும் இருந்தன.

மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்த குரோம்பேட்டை அதற்குள் ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்துவிட்டார். முதலாளி திட்டினார், இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். திட்டு முடிந்ததும் நேரே கவுன்டருக்குப் போய்க் கார்பன் சார்ட்டில் பெயர் எழுத உட்கார்ந்துவிட்டார். வண்டிக்குப் போன ஒவ்வொருவரிடமும், என் தப்பு, மன்னிச்சுக்கோங்க என்று கும்பிட்டுச் சொன்னார். பாதிப் பேருக்கு எதற்கு என்றே புரியவில்லை. இரண்டு வண்டியும் நிறைந்துதான் புறப்பட்டன. ஆனால் நாங்கள் திருப்பி அனுப்பியவர்கள் எல்லோரும் கிடைத்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் போய்விட்டார்கள். எப்படிப் போனார்கள், போய்ச் சேர்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

வண்டிகள் கிளம்பிய பிறகுதான் அவர் புரோகிராமைத் திறந்தார். சார்ட்டுக்கும் தனியாக இடம் கேட்கும் வரி. ஒரே வரி. எழுதி முடித்ததும் எழுந்துகொள்ளாமல், பட்டனை இரண்டு முறை தட்டினார். இரண்டு வண்டி பிறந்தன. ஒன்றில் சீட் நிரப்பினார், மற்றதைப் பார்த்தார். காலியாக இருந்தது. இனிமேல் எதை உண்டாக்கினாலும் இரண்டாக உண்டாக்கிப் பார்க்கலாம் அக்கா, ஒன்றில் எழுதி மற்றதைப் பார்க்கலாம் என்றார். அதற்கப்புறம் எத்தனையோ மொழிகள், எத்தனையோ மெஷின்கள் மாறின. நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் அந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றியது. உங்களில் என்னிடம் புரோகிராம் காட்டித் திட்டு வாங்கியவர்களுக்கு, ஏன் இந்த அம்மா எப்போதும் ரெண்டு பண்ணு, ரெண்டு பண்ணு என்று கத்துகிறாள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், பெருங்களத்தூர் ஆபீசுக்கு நான் போயிருந்தபோது அந்த அம்மா வந்தார். வண்டி விடிவதற்குள் கோவில்பட்டிக்குப் போய்விட்டதாம். "மாப்ள பஸ் ஸ்டாண்டுக்கே வந்துகினாரு. கரும்ப அவரே தோள்ல போட்டுனு தெருவுல நடந்தாரு" என்றார். அன்றைக்கு என்னதான் தப்பு நடந்தது என்று கேட்டார். இரண்டு வண்டிக்கு ஒரே சார்ட் வைத்துவிட்டார்கள் என்று முதலாளி கிண்டலாகச் சொன்னார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, ரெண்டு புள்ள பெத்தா ரெண்டு தட்டு வெக்க வாணாமா என்றார். எங்களுக்கு வந்த சிரிப்பு அடங்க நேரமானது.

பிறகு பையிலிருந்து மகள் வீட்டு அதிரசப் பொட்டலங்கள் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றை என் பக்கம் தள்ளினார். "இது ரோட்டுல ஓடியாந்த உனக்கு" என்றார். இன்னொன்றை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "இது தன் தப்புன்னு சொல்லிக்கினு அத்தன பேருகிட்டயும் கும்புட்டாரே, அந்தப் புள்ளைக்கி."

அன்று மாலை மாடியேறி அதை அவரிடம் கொடுத்து, அந்த அம்மா சொன்னதையும் அப்படியே சொன்னேன். நான் என் பொட்டலத்தைப் பஸ்ஸிலேயே காலி செய்திருந்தேன். அவர் தன்னுடையதைப் பிரிக்கவில்லை. கீழே குடத்தில் யாருடைய பெயரையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன் அக்கா, எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்றார்.